'நோ' அழுத்தும் முன் ஒரு நிமிடம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடமிருந்து எனக்கு வரும் போன்களில் ஒரு கேள்வி மட்டும் தவறாமல் வரும். "பையன் கேம்ஸ் விளையாடிட்டு இருந்தான். திடீர்னு டொய்ங்னு ஒரு சத்தம். ஸ்டிக்கி கீஸ்னு ஒரு கட்டம் வந்து நிக்குது. வைரஸா அண்ணே?"

வைரஸ் இல்லை. ஷிப்ட் கீயைத் தொடர்ந்து ஐந்து முறை அழுத்தினால் விண்டோஸ் கேட்கும் கேள்வி அது. "நோ அழுத்துங்க, போயிடும்" என்றுதான் நானும் பல ஆண்டுகளாகப் பதில் சொல்லி வந்தேன். சில வீடுகளில் ஒரு படி மேலே போய், அந்தக் கட்டம் இனி வரவே வராதபடி செட் செய்தும் கொடுத்திருக்கிறேன். கேட்டவர்களுக்கும் மகிழ்ச்சி, எனக்கும் ஒரு டீ கிடைத்தது.

அந்தக் கட்டம் யாருக்காக வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. அந்தக் குறையை இந்தக் கட்டுரையில் சரி செய்திட விரும்புகிறேன்.

ஆங்கிலத்தில் ஒரு பெரிய எழுத்தை டைப் செய்திட ஷிப்ட் கீயை ஒரு கையால் பிடித்துக் கொண்டு மறு கையால் எழுத்தை அழுத்துகிறோம். காப்பி எடுக்க கண்ட்ரோலும் சி கீயும் சேர்த்து. ஹேங் ஆனால் கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றும் சேர்த்து. இரண்டு கைகளும் நன்றாக இருப்பவருக்கு இது ஒரு வேலையே இல்லை. ஒரு கை பக்கவாதத்தில் விழுந்துவிட்டவருக்கு? ஒரே ஒரு விரல் மட்டும் சொன்னபடி கேட்பவருக்கு? ஸ்டிக்கி கீஸை இயக்கிவிட்டால் ஷிப்டை அழுத்திவிட்டு விரலை எடுத்துவிடலாம். அடுத்து எழுத்தை அழுத்தலாம். கம்ப்யூட்டர் இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ளும். விண்டோஸ் 95 வந்தபோதே இந்த வசதி அதில் இருந்தது.

அதாவது, நாம் தொல்லை என்று மூடிவிடும் அந்தக் கட்டம் இன்னொருவருக்கு வாசல். இதை எனக்குப் புரிய வைத்தவர் எங்கள் ஊர் சார்.

சிதறால் சார்

எனக்கு ஊர் சிதறால். மார்த்தாண்டத்திலிருந்து சுமார் 7 கிலோமீட்டர். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே எழுந்து நிற்கும் பாறை மலையும் அதில் செதுக்கிய சமணச் சிற்பங்களும் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்கள். பழைய பெயர் திருச்சாரணத்து மலை. எங்கள் சார் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எத்தனையோ வகுப்புப் பிள்ளைகளை அந்த மலைக்கு நடத்திக் கூட்டிப் போனவர். மலையைப் பற்றியும் ஊரைப் பற்றியும் பழைய ஆட்களிடம் கேட்டதையெல்லாம் நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருந்தார். 2003-ல் அதில் பாதியை ஒரு டிடிபி சென்டரில் கொடுத்து டைப் செய்து ஒரு சிடியில் வாங்கி வைத்தார். புத்தகமாகப் போடப் பணம் சேரவில்லை. அப்புறம் கண்ணில் பிரஷர் வந்தது. அதான் க்ளாக்கோமா. கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை போய், கடைசியில் வெளிச்சம் எது இருட்டு எது என்று மட்டும் தெரியும் நிலை.

வெளிநாட்டில் இருக்கும் அவர் மகள் ஒரு லேப்டாப் வாங்கி அனுப்பினாள். செட் செய்துகொடுக்க நான் போனேன். சார் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

"கண்ணு போன பிறகு எனக்கு எதுக்கு மக்களே கம்ப்யூட்டர்?" என்றார்.

"மகள் கூட வீடியோவில் பேசலாம் சார்" என்றேன்.

"பேசுறதுக்குப் போன் இருக்கு. எனக்குப் பேச வேண்டாம். எழுதணும்."

அந்த வார்த்தைக்கு என்னிடம் அன்றைக்குப் பதில் இல்லை. பத்து வருடமாகக் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று ஊரில் பெயர் எடுத்தவன், பார்வை இல்லாதவர் கம்ப்யூட்டரில் எப்படி எழுதுவார் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

புதுக் கதை அல்ல

பார்வை இல்லாதவரும் நடக்க முடியாதவரும் எழுதுவது தமிழுக்குப் புதிதல்ல. இரட்டைப் புலவர்கள் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். முதுசூரியர், இளஞ்சூரியர். ஒருவருக்குக் கண் தெரியாது. மற்றவருக்குக் கால் நடக்காது. கண் தெரியாதவர் தோளில் கால் நடக்காதவர் உட்கார்ந்து வழி சொல்ல, இருவரும் ஊர் ஊராகப் போனார்கள். ஒருவர் பாட்டின் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர் மீதியைச் சொல்லி முடிப்பாராம். தில்லைக் கலம்பகம், திருவாமாத்தூர்க் கலம்பகம் எல்லாம் அப்படி வந்தவைதான். பதினேழாம் நூற்றாண்டின் அந்தகக்கவி வீரராகவ முதலியாருக்கு முதுகில் எழுத்துகளை எழுதிக் காட்டிக் கற்றுக்கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். பழனி மாம்பழக் கவிச்சிங்க நாவலர் சிறுவயதிலேயே அம்மை நோயில் பார்வையை இழந்தவர். ஆங்கிலத்தில் மில்டன், 1652 வாக்கில் முழுதும் பார்வை போன பிறகு தன் பெருங்காவியத்தை மற்றவர்கள் எழுத, வாயால் சொல்லி முடித்தார். 1667-ல் அது அச்சில் வந்தது.

எங்கள் மாவட்டத்திலேயே பாருங்கள். நாகர்கோவில் சுந்தர ராமசாமிக்குச் சிறுவயதில் மூட்டு நோய் வந்து பள்ளிப் படிப்பு தடைபட்டது. பதினெட்டு வயதில்தான் தமிழ் எழுதப் படிக்கக் கற்றார். 1966-ல் வந்த 'ஒரு புளியமரத்தின் கதை' அவர் எழுதியதுதான். படுக்கையில் கிடந்த அந்தச் சிறுவனைப் பார்த்து இவன் எழுத்தாளன் ஆவான் என்று யார் சொல்லியிருப்பார்கள்?

இன்னொரு செய்தி கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்குச் சுவையாக இருக்கும். நாம் தட்டுகிற கீபோர்டு டைப்ரைட்டரிலிருந்து வந்தது. தொடக்க கால டைப்ரைட்டர்களில் ஒன்று, இத்தாலியில் பெல்லக்ரினோ துர்ரி என்பவர் பார்வை இழந்த கரோலினா ஃபான்டோனி என்ற பெண்மணி யார் துணையும் இல்லாமல் கடிதம் எழுத வேண்டும் என்பதற்காகச் செய்தது. அதில் அவர் 1808-ல் அடித்த கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. மாற்றுத்திறனாளிக்கு எழுதும் எந்திரம் பிறகு வந்த சலுகை அல்ல. டைப்ரைட்டரின் தொடக்கத்திலேயே அவர் இருக்கிறார்.

இதில் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். இரட்டைப் புலவரில் ஒருவருக்கு மற்றவர் வேண்டும். மில்டனுக்கு எழுதிக்கொடுக்க ஆள் வேண்டும். காலையில் நான்கு மணிக்கு ஒரு வரி தோன்றினால் யாரையாவது எழுப்ப வேண்டும். எழுதியதை நான்கு முறை மாற்ற நினைத்தால் எழுதிக்கொடுப்பவர் முகம் சுளிக்காமல் இருக்க வேண்டும். கரோலினாவுக்குக் கிடைத்தது தனிமை. தன் கடிதத்தைத் தானே எழுதி, பிடிக்காவிட்டால் தானே கிழித்துப் போடும் உரிமை. எழுத்து வாழ்க்கைக்கு அது சின்ன விஷயம் அல்ல.

உங்கள் கம்ப்யூட்டரில் ஏற்கனவே இருப்பவை

சாரிடம் அடுத்த வாரம் கொஞ்சம் படித்துவிட்டுப் போனேன். நான் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இவற்றில் எதற்கும் பணம் தேவையில்லை.

விண்டோஸ் கீயுடன் யு கீயை அழுத்துங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இந்த வசதிகள் எல்லாம் இருக்கும் பக்கம் திறக்கும். ஒவ்வொன்றாகத் தேட வேண்டாம்.

கை நடுங்குபவர் ஒரு கீயை அழுத்தினால் ஒரே எழுத்து நான்கைந்து முறை விழும். அவருக்கு பில்டர் கீஸ். வலது பக்க ஷிப்டை எட்டு விநாடி பிடித்திருந்தால் அதற்கான கட்டம் வரும். கீபோர்டையே தொட முடியாதவருக்கு விண்டோஸ், கண்ட்ரோல், ஓ மூன்றையும் அழுத்தினால் ஸ்கிரீனில் ஒரு கீபோர்டு கிடைத்திடும். மவுஸால் தட்டிக்கொள்ளலாம். மவுஸ் பிடிக்க முடியாதவர் மவுஸ் கீஸ் வசதியில் நம்பர் கீகளால் அம்புக்குறியை நகர்த்தலாம். பார்வை மங்கியவருக்கு விண்டோஸ் கீயுடன் பிளஸ் கீ. ஸ்கிரீன் பெரிதாகும்.

மும்பையைச் சேர்ந்த மாலினி சிப் பெருமூளை வாதத்துடன் பிறந்தவர். ஒரு சிறு விரலால் டைப் செய்தே தன் வாழ்க்கைக் கதையை எழுதினார். 2011-ல் அது புத்தகமாக வந்தது. அதன் பெயரே 'ஒரு சிறு விரல்' என்ற பொருளில்தான் இருக்கிறது.

பார்வை அறவே இல்லாதவருக்கு ஸ்கிரீன் ரீடர். ஸ்கிரீனில் இருப்பதை வாசித்துச் சொல்லும் சாப்ட்வேர். விண்டோஸ், கண்ட்ரோல், என்டர் மூன்றையும் அழுத்தினால் நரேட்டர் பேசத் தொடங்கும். ஆனால் பெரும்பாலோர் சொல்வது என்விடிஏ. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற இரண்டு பார்வையற்ற இளைஞர்கள் உருவாக்கியது. 2006-ல் தொடங்கிய வேலை. அதற்கு முன் ஜாஸ் போன்ற ஸ்கிரீன் ரீடர்களுக்குக் கொடுக்க வேண்டியிருந்த விலை கம்ப்யூட்டர் விலைக்குச் சமமாக இருந்ததால்தான் இலவசமாக ஒன்றைச் செய்தார்கள். தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே செய்து உலகத்துக்கே கொடுத்தார்கள். அதனுடன் வரும் இ-ஸ்பீக் என்ற குரல் தமிழையும் வாசிக்கும். குரல் கொஞ்சம் எந்திரத்தனமாக இருக்கும். விண்டோஸில் தமிழ்க் குரல் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு மைக்ரோசாப்ட் வைத்திருக்கும் பெயர் வள்ளுவர். இதைச் சொன்னதும் சார் சிரித்தார். "நம்ம கன்னியாகுமரி ஆளுதான். போடு."

எழுதுவதற்கு முதலில் வாய்ஸ் டைப்பிங் முயன்றோம். கூகுள் டாக்ஸில் டூல்ஸ் மெனுவில் வாய்ஸ் டைப்பிங் என்று இருக்கிறது. மொழியில் தமிழைத் தேர்ந்தெடுத்து மைக் படத்தைக் கிளிக் செய்தால் பேசுவதை எழுதிக்கொள்ளும். சார் மலையைப் பற்றிப் பேசினார். பிறகு அம்புக்குறி கீயால் ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்து கேட்டார். சமணத் துறவிகள் கல்லில் படுத்தார்கள் என்று சொன்னதை, கள்ளில் படுத்தார்கள் என்று எழுதி வைத்திருந்தது.

"சாமியார்களக் குடிகாரங்க ஆக்கிட்டே போ" என்று சார் வயிறு குலுங்கச் சிரித்தார். தமிழாசிரியர் அல்லவா! ல, ள, ழ மூன்றையும் குழப்பும் எந்திரத்தை அவர் மன்னிக்கவில்லை. "நான் கையாலேயே எழுதுறேன்" என்று சொல்லிவிட்டார். தமிழ் 99 கீபோர்டு விண்டோஸிலேயே இருக்கிறது. எழுத்து எங்கே இருக்கிறது என்று விரலால் பழகினார். எப் கீயிலும் ஜே கீயிலும் சிறு மேடு இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? பார்க்காமல் விரல் வைக்க அதுதான் அடையாளம். மூன்று மாதத்தில் பக்கம் பக்கமாக டைப் செய்யத் தொடங்கினார்.

இங்கே ஒன்று கற்றுக்கொண்டேன். பார்வை இல்லாதவர் என்றால் பேசி எழுதுவதுதான் வசதி என்று நானாக முடிவு செய்திருந்தேன். அவருக்கு வேண்டியது வேறு. கை நடுங்கும் இன்னொருவருக்கு அதே வாய்ஸ் டைப்பிங் உயிராக இருக்கலாம். பார்வை மங்கிய ஒருவருக்குக் கருப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து இதம். வேறொருவருக்கு அதுவே கண்ணைக் குத்தும். எல்லோருக்கும் பொருந்தும் ஒரே செட்டிங் என்று ஒன்று கிடையாது. கேட்டுவிட்டுச் செய்வதுதான் ஒரே வழி.

எம், கே, செமிகோலன்

இனிதான் கதையின் கடினமான பகுதி. புதிதாக எழுதத் தொடங்கிய சாருக்குப் பழையது ஞாபகம் வந்தது. "மக்களே, அந்த சிடில இருக்கத போட்டுக் குடு. நான் எழுதினத நானே ஒருதடவ கேக்கணும். மீதிய எங்க தொடங்கணும்னு தெரியணுமே."

லேப்டாப்பில் சிடி டிரைவ் இல்லை. தெரிந்த கடையில் வெளியே மாட்டும் டிரைவ் ஒன்றை இரவல் வாங்கினேன். நல்லவேளையாக, பேஜ்மேக்கரில் வைப்பதற்கு முன் வேர்டில் டைப் செய்த பைல்களும் சிடியில் இருந்தன. திறந்தேன். ஸ்கிரீன் ரீடரை ஓட விட்டேன். புரியாத ஏதோ முனகல் வந்தது. எழுத்து எழுத்தாகக் கேட்டோம். "எம். கே. செமிகோலன். கே. ஹெச்."

சார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இது என் எழுத்து இல்லையே டே."

அது அவர் எழுத்துதான். அம்மா என்று இருந்தது. 2003-ல் டிடிபி சென்டர்களில் பாமினி போன்ற பாண்டுகளில்தான் டைப் செய்தார்கள். அந்த முறையில் கம்ப்யூட்டருக்குள் சேமிக்கப்படுவது தமிழ் எழுத்தே அல்ல, ஆங்கில எழுத்து. எம் என்ற ஆங்கில எழுத்தின் மேல் அ என்ற படத்தை ஒட்டி வைத்திருப்பார்கள். பார்க்கும் கண்ணுக்கு அது அ. கண்ணால் பார்க்காத சாப்ட்வேருக்கு அது எம். தமிழைப் பார்த்து வாசிப்பவருக்கு மட்டுமே எழுதிய தமிழ் அது.

யூனிகோட் முறையில் அப்படி இல்லை. அதில் அ என்ற எழுத்துக்கு உலகம் முழுவதும் ஒரே எண். எந்தப் பாண்டில் போட்டாலும் அ அ-தான். ஸ்கிரீன் ரீடர் வாசிக்கும், தேடினால் கிடைக்கும், போனில் அனுப்பினாலும் உடையாது. தமிழக அரசும் 2010-ல் யூனிகோடைத் தன் தர முறைகளில் ஏற்றது. ஆனாலும் விழா மலருக்குக் கட்டுரை கேட்பவர்களில் சிலர் இன்றும் பழைய பாண்டில்தான் வேண்டும் என்று கேட்கிறார்கள். அழைப்பிதழை ஸ்கேன் செய்து படமாக அனுப்புகிறார்கள். சார் கலந்துகொள்ள நினைத்த ஒரு கட்டுரைப் போட்டியின் அறிவிப்பே வாட்ஸ்அப்பில் படமாகத்தான் வந்தது. அதை நான் வாசித்துச் சொன்னேன். கடைசி வரி, 'சொந்தக் கையெழுத்தில் எழுதி அனுப்ப வேண்டும்.' சார் ஒன்றும் சொல்லவில்லை. லேப்டாப்பை மூடி வைத்தார்.

அந்தப் போட்டியை நடத்தியவர்கள் கெட்டவர்கள் அல்ல. யாரையும் விலக்க வேண்டும் என்று நினைத்து அந்த வரியை எழுதவில்லை. யாரையும் நினைக்காமல் எழுதினார்கள். நான் ஸ்டிக்கி கீஸை நிறுத்திக் கொடுத்ததும் அப்படித்தான்.

இதற்கு எதிராகச் சொல்பவர்கள்

இதையெல்லாம் நண்பர்களிடம் சொன்னபோது இரண்டு பதில்கள் கிடைத்தன.

முதலாவது: "நம்ம ஊர்ல அப்படி எத்தனை பேர் இருக்காங்க? அவங்களுக்காக எல்லோரும் மாறணுமா?" 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2 கோடியே 68 லட்சம் மாற்றுத்திறனாளிகள். தமிழ்நாட்டில் மட்டும் 11 லட்சத்து 79 ஆயிரம் பேர். அதோடு, சார் பிறக்கும்போது அந்தக் கணக்கில் இல்லை. அறுபது வயதுக்கு மேல்தான் சேர்ந்தார். இன்று நோ அழுத்தும் விரல் நாளை நடுங்காது என்பதற்கு யாரும் கேரண்டி கார்டு தருவதில்லை. இன்னொன்றும் உண்டு. யூனிகோடில் டைப் செய்தால் லாபம் சாருக்கு மட்டும் அல்ல. இருபது வருடம் கழித்து உங்கள் பைலை நீங்களே திறக்க முடியும்.

இரண்டாவது பதில் கொஞ்சம் கனமானது. "எந்திரம் வாசித்து, எந்திரம் எழுதினால் அது அவர் எழுத்தா? கையெழுத்தில் கேட்பது காப்பி அடிக்காமல் இருக்கத்தானே?" கவலை நியாயமானது. இன்று கம்ப்யூட்டரே கட்டுரை எழுதித் தரும் காலம். ஆனால் கையெழுத்து அதற்குக் காவல் இல்லை. கம்ப்யூட்டர் எழுதித் தந்ததையும் கையால் பார்த்து எழுதி அனுப்பலாமே! நேரில் கூப்பிட்டு நான்கு கேள்வி கேட்டால் எழுதியவர் யார் என்று தெரிந்துவிடும். எழுத்து இருப்பது பேனாவில் அல்ல. மில்டனின் காவியத்தை எழுதிக்கொடுத்தவர்களின் காவியம் என்று ஒருவரும் சொல்வதில்லை.

சட்டங்களும் வந்திருக்கின்றன. 1995 சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன. 2016 சட்டம் 21 வகைகளை ஏற்றது. 2012-ல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, ஒரு புத்தகத்தைப் பார்வையற்றவர் வாசிக்கும் வடிவுக்கு மாற்ற வழி கிடைத்தது. இதே நோக்கத்துக்காக 2013-ல் மராகேஷில் உருவான உலக ஒப்பந்தத்தை 2014-ல் முதலில் ஏற்று உறுதி செய்த நாடு இந்தியா. சுகம்ய புஸ்தகாலயா என்ற ஆன்லைன் நூலகம் 2016-ல் தொடங்கியது. எல்லாம் நல்லது. ஆனால் எந்தச் சட்டமும் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் வந்து உங்கள் பைலைத் திருத்தாது. அது நம் வேலை.

நீங்கள் செய்யக் கூடியவை

தமிழில் எதை டைப் செய்தாலும் யூனிகோடில் செய்யுங்கள். கையில் இருக்கும் பைல் எந்த முறை என்று தெரியாவிட்டால் அதைத் தேர்ந்தெடுத்து ஏரியல் பாண்டுக்கு மாற்றிப் பாருங்கள். தமிழாகவே இருந்தால் யூனிகோட். ஆங்கில எழுத்துகளாக உடைந்தால் பழைய முறை. அப்படியானால் பாண்டைப் பழையபடி மாற்றிவிட்டு, இலவச மாற்றி ஒன்றைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

அறிவிப்பு, அழைப்பிதழ் எதையும் படமாக மட்டும் அனுப்பாதீர்கள். கூடவே அதே செய்தியை எழுத்தாகவும் நான்கு வரி டைப் செய்து அனுப்புங்கள்.

வேர்டில் தலைப்பு போடும்போது எழுத்தைப் பெரிதாக்கி போல்டு செய்வதோடு விடாமல், ஹெடிங் ஸ்டைலைத் தேர்ந்தெடுங்கள். ஸ்கிரீன் ரீடரில் வாசிப்பவர் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவ முடியும். இல்லாவிட்டால் நாற்பது பக்கத்தையும் முதலிலிருந்து கேட்க வேண்டும்.

போட்டியோ விழா மலரோ நடத்தினால், 'கையாலோ கம்ப்யூட்டரிலோ எழுதலாம், வேறு வசதி தேவைப்பட்டால் சொல்லுங்கள்' என்று ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரிக்கு ஒரு பைசா செலவு இல்லை.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால், விண்டோஸ் கீயுடன் யு கீயை அழுத்தி அந்தப் பக்கத்தை அவர்களோடு உட்கார்ந்து ஒரு முறை பாருங்கள். எது வேண்டும் என்று அவர்களே சொல்லட்டும்.

மலையில் இருக்கும் எழுத்து

சாரின் பழைய பைலை மாற்றி முடிக்க எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சில இடங்களில் எழுத்து இடம் மாறி விழுந்திருந்தது. அவற்றை அவரே கேட்டுக் கேட்டுத் திருத்தினார். இருபது வருடத்துக்கு முன் எழுதிய முதல் பக்கத்தை வள்ளுவர் குரல் வாசித்தபோது அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னார். அழப் போகிறார் என்று நினைத்தேன். "அங்க ஒரு ஒற்று விட்டுப் போச்சு. திருத்தணும்" என்றார்.

அந்தப் பக்கம் எங்கள் மலைக் கல்வெட்டைப் பற்றியது. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில், ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், குணந்தாங்கிக் குறத்தியார் என்ற சமணப் பெண் துறவி இங்குள்ள பகவதிக்குப் பொன் நகை கொடுத்ததை அந்தக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். மொழி தமிழ்தான். எழுத்து வட்டெழுத்து. நாள்தோறும் எத்தனையோ பேர் அதன் முன் நின்று போட்டோ எடுக்கிறார்கள். நல்ல கண் இருக்கிறது, தமிழ் தெரியும், ஆனால் ஒரு சொல் வாசிக்க வராது. கல்வெட்டு படித்தவர்கள் நம் எழுத்துக்கு மாற்றிக் கொடுத்ததால்தான் அந்த அம்மாவின் பெயர் நமக்குத் தெரியும்.

சிறுவயதில் சாரோடு மலை ஏறியபோது நானும் அந்தக் கல்லின் முன் விழித்துக்கொண்டு நின்றவன்தான். எனக்கு அதை வாசித்துச் சொன்னவர் அவர். பழைய பாண்டில் இருந்த பைலை மாற்றிக் கொடுத்தது அந்தக் கடனில் ஒரு சிறு பகுதி.

சார் இப்போது மீதி நோட்டுப் புத்தகங்களுக்கு வந்திருக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண் பிள்ளை ஒவ்வொரு நாளும் பள்ளி விட்டு வந்து அவர் கையெழுத்தை வாசித்துக் கொடுக்கிறாள். அவர் டைப் செய்கிறார். அவர் சொல்லும் ஊர்க் கதைகள் அவளுக்குக் கூலி.

அடுத்த முறை உங்கள் வீட்டில் டொய்ங் என்று சத்தம் வந்து அந்தக் கட்டம் நின்றால் பயப்பட வேண்டாம். உங்களுக்குத் தேவையில்லை என்றால் நோ அழுத்துங்கள், தவறில்லை. அதற்கு முன் ஒரு நிமிடம், உங்களுக்குத் தெரிந்தவர்களில் அதற்கு யெஸ் சொல்லக் காத்திருப்பவர் யாராவது இருக்கிறாரா என்று யோசித்துப் பாருங்கள். இருந்தால், அவருக்கு ஒரு போன் போடுங்கள்.